கியர்பாக்ஸ் ஆயிலும் என் கஞ்சத்தனமும்

காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை நேற்று நானே மாற்றினேன். மொத்த ஆயிலையும் மாற்றித் தர ஒர்க்‌ஷாப்பில் கேட்ட தொகை என் பர்ஸுக்குக் கட்டுப்படியாகவில்லை.

முதலில் கழற்ற வேண்டியது ஆயில் ஊற்றும் மூடியைத்தான். எல்லாவற்றையும் வடித்துவிட்ட பிறகு அந்த மூடி இறுகிப்போய்த் திரும்ப மறுத்தால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். (பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கதை இப்போது வேண்டாம்.)

வடிந்தது ஒரு காலத்தில் பளிச்சென்ற சிவப்பு என்றால் யாரும் நம்பமாட்டார்கள். துருத் தண்ணீர் போல அடர்பழுப்பு. நல்லவேளை, கருகிய வாடை இல்லை. வடிகால் திருகின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மெல்லியதாக அப்பியிருந்தது. அது வழக்கமான தேய்மானம். விரலில் நெருடும் உலோகச் சில்லுகள் இருந்திருந்தால்தான் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும்.

வடிந்ததைப் பழைய பாட்டில்களில் ஊற்றி அளந்தேன்: 3.5 லிட்டர். புதியதும் அதே அளவு. பழைய ஆயிலின் பெரும்பகுதி டார்க் கன்வர்ட்டரிலும் (எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) குழாய்களிலும் தங்கிவிடுவதால், ஒரே தடவையில் பாதிகூடப் புதிதாகாது. கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு, அடுத்த சம்பளத்தில் இன்னொரு தடவை. ஆயிலுக்கும் தவணை முறைதான்!

மிச்சம் பிடித்தது கூலியில் மட்டும். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்ற மலிவு டப்பாவைத் தொடவில்லை. கையேட்டில் குறித்த வகையையே வாங்கினேன். கியர் இப்போது உதறாமல் விழுகிறது. சட்டைக் கையில் விழுந்த கறைதான் எந்தச் சோப்புக்கும் மசியவில்லை.