குப்புறப் படுக்க மறுக்கும் பாப்பா: நாட்குறிப்பு

ஜூன் 2, திங்கள்

பாப்பா பிறந்து இன்றோடு 43 நாள். காலையில் விரிப்பைப் போட்டுக் குப்புறப் படுக்க வைத்தேன். 40 விநாடி கூடத் தாங்கவில்லை. இரண்டு கையும் மார்புக்கு அடியில் சிக்கிக்கொள்ள, நெற்றியைத் தரையில் முட்டி முட்டித் தேய்த்து, முகம் செக்கச் சிவந்து வீறிட்டாள். அள்ளி எடுத்தேன். குடித்த பாலில் பாதி என் தோளில் வழிந்தது.

இரவு இன்னொரு பாடு. 9 மணிக்கு முக்கல் தொடங்கும். கால்களை வயிற்றோடு மடக்குவாள், உதறுவாள், மறுபடி மடக்குவாள். வயிறு உப்பிக் கிடக்கும். வாயு பிரிந்தால் சற்று நேரம் நிம்மதி, பிறகு அதே முக்கல்.

இன்று முதல் எல்லாவற்றையும் குறித்து வைக்கப் போகிறேன்: எப்போது குடித்தாள், ஏப்பம் வந்ததா, எப்போது குப்புறப் போட்டேன், எப்போது அழுதாள்.

ஜூன் 3, செவ்வாய்

அம்மா வந்திருக்கிறாள். பாப்பா அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை அவளுக்கு. "உன்னைக் குப்புறப் போட்டுத்தான் தூங்க வைத்தேன். வயிறு அமுங்கினால் பிள்ளை நன்றாகத் தூங்கும். நீ என்னவோ விழித்திருக்கும்போது போட்டு அழ விடுகிறாய், தூங்கும்போது மல்லாத்திப் போடுகிறாய்" என்றாள்.

அம்மா சொல்வது பொய்யில்லை. அவள் காலத்தில் அதுதான் சரி என்று சொல்லப்பட்டது. 1990களில்தான் நிலைமை மாறியது. குப்புறத் தூங்கும் குழந்தைகளிடம் தூக்கத்திலேயே நிகழும் திடீர் மரணம் அதிகம் என்பது தெரியவந்தது. மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று 1994இல் அமெரிக்காவில் ஓர் இயக்கமே தொடங்கினார்கள். அதன் பிறகு அங்கே அந்த மரணங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. ஆனால் எந்நேரமும் மல்லாந்தே கிடந்தால் பின்தலை தட்டையாகிறது, கழுத்தும் தோளும் வலுப்பெறத் தாமதமாகிறது. அதை ஈடுகட்டத்தான் விழித்திருக்கும்போது கொஞ்ச நேரம் குப்புறப் படுக்க வைப்பது.

அம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "அப்படியானால் தூங்கும்போது மல்லாக்கவே இருக்கட்டும், அம்மா. இதில் நான் குறுக்கே வரவில்லை" என்றாள். அவள் என்னை அம்மா என்று அழைத்தால் மனம் இளகியிருக்கிறாள் என்று பொருள்.

ஜூன் 5, வியாழன்

நோட்டைப் புரட்டினேன். நான்கு நாளில் 11 முறை குப்புறப் போட்டிருக்கிறேன். அதில் 8 முறை, பால் கொடுத்து முடித்த கால் மணி நேரத்துக்குள். பசியாறியிருக்கிறாள், தெளிவாக இருப்பாள் என்று நினைத்துத்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அந்த எட்டிலும் கக்கியிருக்கிறாள். மீதி மூன்றில் ஒரு முறை 2 நிமிடம் அழாமல் இருந்திருக்கிறாள். அது டயப்பர் மாற்றிய பிறகு.

தரையை அவள் வெறுக்கவில்லை. நிறைந்த வயிற்றின் மேல் படுப்பதைத்தான் வெறுக்கிறாள். இது முன்பே உறைக்காமல் போயிற்றே என்று நெஞ்சு கனத்தது.

ஜூன் 6, வெள்ளி

குழந்தை மருத்துவரிடம் போனோம். எடை போட்டார், வயிற்றை நாலு பக்கமும் மெல்ல அமுக்கிப் பார்த்தார். எடை ஒழுங்காக ஏறுகிறது, வயிறு மெத்தென்று இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவர் விளக்கியதை மறக்குமுன் எழுதிவிடுகிறேன். உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. இந்த வயதில் அது இன்னும் சரியாக இறுகுவதில்லை. நிறைந்த வயிறு அழுந்தினால் பால் மேலே வரத்தான் செய்யும். பல குழந்தைகளுக்கு 4 மாத வாக்கில் கக்கல் உச்சத்தில் இருந்து, 1 வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடுமாம். பால் குடித்ததும் 20, 30 நிமிடம் தோளோடு நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். தரையில் விடுவது அதற்குப் பிறகுதான்.

முக்குவது மலச்சிக்கலா என்று கேட்டேன். மலம் இளக்கமாகத்தானே போகிறாள், அது சிக்கல் ஆகாது என்றார். மலம் வெளியேற வேண்டுமானால் வயிற்றை இறுக்கி முக்கும்போதே கீழே உள்ள தசையைத் தளர்த்த வேண்டும். பிள்ளை இரண்டையும் சேர்த்து இறுக்குகிறது. பழகப் பழக அது தானே பிடிபடும். ஆசனவாயில் எதையாவது வைத்துத் தூண்டிவிடும் பழக்கம் மட்டும் வேண்டாம் என்று அழுத்திச் சொன்னார்.

வாயுவுக்குச் சொட்டு மருந்து கேட்டார் என் கணவர். சிமெத்திகோன் சொட்டுகளை ஆய்வுகளில் மருந்தில்லாத திரவத்தோடு ஒப்பிட்டபோது பெரிய வேறுபாடு தெரியவில்லை என்றார் மருத்துவர். 6 மாதம் வரை தண்ணீரும் தேவையில்லை. அழுகை 6 வார வாக்கில் உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்தில் தணிவது வழக்கமாம்.

புறப்படும்போது, எதற்கெல்லாம் காத்திருக்காமல் ஓடி வர வேண்டும் என்றும் சொன்னார்: வாந்தி பச்சையாக இருந்தால், பீய்ச்சி அடித்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், வயிறு கல்லாக இறுகினால், பால் குடிக்க மறுத்துத் துவண்டால், சிறுநீர் குறைந்தால். 3 மாதத்துக்குள் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலும் உடனே வர வேண்டும். இவர் அதை அப்படியே எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறார்.

ஜூன் 8, ஞாயிறு

தரையே வேண்டாம் என்று விட்டோம். இவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பாப்பாவை அவர் மார்பில் குப்புறப் படுக்க வைத்தேன். பால் குடித்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

முதலில் கன்னத்தை அவர் சட்டையில் தேய்த்தாள். அவர் ஏதோ முணுமுணுத்தார். குரல் மார்புக்குள்ளிருந்து அதிர்ந்து வந்திருக்க வேண்டும்; அசையாமல் கேட்டாள். பிறகு தலை கிளம்பியது. புருவம் இரண்டும் மேலேற, நெற்றி முழுக்கக் கோடுகள், தலை இடமும் வலமும் தள்ளாடியது. அவர் முகவாயைப் பார்த்தாள். மூன்று எண்ணுவதற்குள் பொத்தென்று விழுந்தாள். அழவில்லை. மறுபடி தூக்கினாள்.

4 நிமிடம். அங்கேயே கண் செருகிற்று. உடனே எடுத்து அவள் படுக்கையில் மல்லாத்திப் போட்டேன். அவ்வளவு இதமாகத் தூங்குகிறவளை எடுக்க மனம் வரவில்லைதான்.

ஜூன் 11, புதன்

பால் குடிக்கும்போதே காற்றையும் விழுங்குகிறாள். முதல் சில நிமிடம் எனக்குப் பால் வேகமாகப் பாய்கிறது. அவள் மடக் மடக்கென்று விழுங்கித் திணறுகிறாள். நான் நன்றாகப் பின்னால் சாய்ந்து, அவளை என் மேல் கிடத்திக் கொடுத்துப் பார்த்தேன். திணறல் குறைந்தது. நடுவில் ஒருமுறை நிறுத்தி ஏப்பம் விட வைக்கிறேன். முடிவில் ஒரே ஏப்பத்துக்குக் காத்திருந்ததைவிட இது மேல்.

ஜூன் 12, வியாழன்

வயிற்றைத் தடவக் கற்றுக்கொண்டேன். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, கடிகார முள் சுற்றும் திசையில் தடவ வேண்டும். பெருங்குடல் போகும் வழி அதுதான்: அவளுடைய வலப்பக்கம் கீழிருந்து மேலே ஏறி, விலாவுக்கு அடியில் குறுக்கே போய், இடப்பக்கம் இறங்குகிறது. தடவிய பிறகு முழங்கால் இரண்டையும் வயிற்றோடு சேர்த்து ஐந்து எண்ணும் வரை பிடிக்கிறேன். பிறகு சைக்கிள் மிதிப்பது போல மாற்றி மாற்றி. இன்று மூன்றாவது சுற்றில் வாயு பிரிந்தது. அம்மா கைதட்டினாள்.

ஜூன் 14, சனி

மோசமான நாள். எல்லாம் செய்தும் மாலை 6 முதல் 8 வரை அழுதாள். குப்புறப் போடவே இல்லை. தோளில் போட்டு நடந்தேன், பிறகு இவர் நடந்தார், பிறகு அம்மா.

ஜூன் 19, வியாழன்

நாளுக்கு 30 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கும் கணக்கு என் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆனால் அது நாள் முழுக்கப் பரவிய கணக்கு. ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. 2 நிமிடம், 3 நிமிடம் என்று துண்டு துண்டாகச் செய்கிறோம். டயப்பர் மாற்றிய ஒவ்வொரு முறையும் கொஞ்சம். முன்கையில் குப்புறக் கிடத்தி நடப்பதும் சேர்த்தி. அந்த நிலையில் வயிறும் அடங்குகிறது.

இன்று மீண்டும் தரை. துண்டைச் சுருட்டி அக்குளுக்குக் கீழே, மார்புக்கு அடியில் வைத்தேன். முழங்கைகளைத் தோளுக்கு நேராக முன்னால் எடுத்துவிட்டேன். கை சிக்கிக்கொள்வதுதான் பாதி ஆத்திரம் என்று இப்போது புரிகிறது. நானும் எதிரே குப்புறப் படுத்தேன், முகத்துக்கு முகம். 3 நிமிடம் கழித்துச் சிணுங்கினாள். சிணுங்கும்போதே எடுத்துவிட்டேன். வீறிடும் வரை விட்டால் அடுத்த முறை விரிப்பைப் பார்த்ததுமே உதடு பிதுங்குகிறது; அந்தத் தவறை இனிச் செய்ய மாட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

இரவு முக்கல் இருக்கிறது, ஆனால் குறைந்த நேரம். இன்று முக்கி முடித்துத் தானாகவே போனாள், அழாமல். பிறகு ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தாள்.

ஜூலை 5, சனி

76 நாள். காலை 10 மணி, பால் குடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. துண்டு வைக்க மறந்து அப்படியே குப்புறப் போட்டுவிட்டேன். முழங்கைகளை ஊன்றினாள். தலை எழுந்தது, ஆடாமல் நின்றது. கீழ் உதட்டிலிருந்து எச்சில் நூலாக இறங்கி விரிப்பில் ஒரு வட்டம் நனைந்தது. அம்மா வாசலிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தலை அந்தப் பக்கம் மெல்லத் திரும்பியது.

7 நிமிடம். நோட்டில் எழுதப் பேனாவை எடுத்தேன். பாப்பா அதற்குள் தன் எச்சிலில் கையை அளைந்து, ஐந்து விரலையும் வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.