பிரைட்டன்: அரண்மனையில் கட்டில் போட்ட ஊர்

லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான் பிரைட்டன். வந்து இறங்குகிற கூட்டம் நேரே கடலை நோக்கி நடக்கிறது. எனக்குக் கடலைவிட ராயல் பெவிலியன்மேல்தான் ஆவல். இந்தியாவைப் பார்த்தறியாத ஜான் நாஷ், நான்காம் ஜார்ஜ் மன்னருக்காக எழுப்பிய உல்லாச மாளிகை அது. வெளியே மொகலாயக் கும்மட்டங்கள், உள்ளே சீனத்து டிராகன்கள். அழகென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காகப் போரிட்டுப் பிரான்சில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக 1914 டிசம்பரில் இதை மருத்துவமனை ஆக்கினார்கள். பக்கத்திலிருந்த டோம் அரங்கையும் சேர்த்து 720க்கும் மேற்பட்ட படுக்கைகள். அரசரின் பெரிய சமையற்கட்டு அறுவைச் சிகிச்சைக் கூடமானது. அவரவர் மதத்துக்கும் சாதிக்கும் ஏற்ப ஒன்பது சமையலறைகள். வார்டுகளில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். தோட்டத்துக் கூடாரத்தில் குருத்வாரா.

விருந்தினரை உபசரித்துப் பிழைக்கிற ஊருக்கு இதெல்லாம் கைவந்த கலை. உபசரிப்பைக் காட்சிப்படுத்துவதும் அப்படியே. சரவிளக்குகளின் கீழ் வரிசையாகக் கட்டில்கள் கிடக்கும் படங்கள் அஞ்சலட்டைகளாயின. உருதுவிலும், பஞ்சாபியின் குர்முகி எழுத்திலும் புத்தகம் அச்சிட்டு இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பேரரசு தன் சிப்பாயை எப்படிக் கவனிக்கிறது பாருங்கள் என்பதுதான் சேதி. கவனிப்பு பொய்யில்லை. ஆனால் படத்துக்கு வெளியே விட்டவையும் உண்டு.

அவற்றைத் தேடி எல்ம் குரோவ் மேட்டில் ஏறினேன். ஆதரவற்ற ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் விடுதியாக இருந்து, போரின்போது கிச்சனர் மருத்துவமனை ஆன கட்டடம் அங்கே இருக்கிறது. அங்கே சுற்றிலும் முள்கம்பி, காவல், வெளியே போக அனுமதி அரிது. சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களோடு பழகிவிடுவார்களோ என்ற அச்சம் அதிகாரிகளை ஆட்டிவைத்தது. வீட்டுக்கு எழுதிய கடிதங்களையும் தணிக்கை அதிகாரிகள் படித்தார்கள். அடைபட்ட வெறுப்பில் உதவி மருத்துவர் ஒருவர், பொறுப்பிலிருந்த கர்னல் சீட்டனைச் சுடவே முயன்றார். அந்த மனிதரின் கோபம் எனக்குப் புரிகிறது.

1915 ஆகஸ்டில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெவிலியன் புல்வெளியில் இந்திய வீரர் மீர் தஸ்துக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸை அணிவித்தார். காயம்பட்டுத் தேறியவர்களை மறுபடி போர்முனைக்கு அனுப்ப வேண்டாம் என்று அவர் மன்னரிடமே கேட்டதாகச் சொல்கிறார்கள். குணமானவர்கள் பலர் திரும்பத்தான் போனார்கள். அந்த ஆண்டின் இறுதியில் இந்தியக் காலாட்படை பிரான்சைவிட்டு நகர்ந்தது. அடுத்த மாதமே பெவிலியனும் காலியானது. பிறகு கைகால் இழந்த பிரிட்டிஷ் வீரர்கள் வந்தார்கள்.

இறந்த முஸ்லிம்களை வோக்கிங் என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். இந்துக்களும் சீக்கியருமாக 53 பேரை ஊருக்கு வெளியே பாட்சம் குன்றில் தகனம் செய்தார்கள். மேய்ச்சல் நிலத்தின் ஊடே நடந்துதான் அங்கே போக வேண்டும். மழை நாளில் செருப்போடு போய்விடாதீர்கள். எரித்த இடத்தில் நிற்கும் வெள்ளைப் பளிங்குச் சத்ரியை, அதாவது குடைபோன்ற கூரையுள்ள நினைவு மண்டபத்தை, 1921இல் வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். அந்த 53 பேரின் பெயர்களைத் தாங்கிய கல் அதன் அருகே வர 2010 வரை ஆனது.