அடித்தொட்டியில் தேங்கிய எண்ணெய்

கனடாவில் ஒன்டாரியோவின் சட்பரியில், மைனஸ் 20 டிகிரிக் குளிரில் வாரக்கணக்கில் ஒரு துளியும் சிந்தாமல் நின்றிருந்த, பனிமேல் ஓடும் வண்டியான என் 1994-ஆம் ஆண்டு ஸ்னோமொபைல், வெப்பமூட்டிய கராஜுக்குள் வந்த சில மணி நேரத்தில் எஞ்சினுக்குக் கீழுள்ள அடித்தொட்டி வழியாகச் சொட்டத் தொடங்கியது. குளிரில் எண்ணெய் கெட்டியாகி, ஒழுகும் இடத்தையே அடைத்துக்கொள்ளும். ஆகவே வெளியில் நிற்கும் வண்டியைப் பார்த்து ஒழுக்கு இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில், காரில் இருப்பதுபோல் எண்ணெய் தேங்கிநிற்கும் சம்ப் கிடையாது. தனி டாங்கிலிருந்து இறங்கும் எண்ணெயை ஒரு சிறு பம்ப் காற்று நுழையும் வழியில் செலுத்த, அது பெட்ரோலுடன் சேர்ந்து எரிந்துபோகிறது. எனவே கீழே தேங்குவது எந்த எண்ணெய் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நான் டாங்கில் ஊற்றுவது நீல நிற எண்ணெய். வண்டியை ஓட்டும் சங்கிலியை மூடியிருக்கும் செயின் கேஸில் இருப்பது கந்தக வாடை வீசும் கியர் ஆயில். சைலன்சர் குழாயின் இணைப்பில் வழிவதோ, எரியாமல் மிஞ்சிய தார் போன்ற கறுப்புக் கசடு. என் அடித்தொட்டியில் மூன்றும் கலந்து கிடந்தன.

முழுவதையும் கழுவி உலர்த்தி, இணைப்புகளின்மேல் டால்கம் பவுடர் தூவி, அடியில் வெள்ளை அட்டையை விரித்துவைத்தேன். மறுநாள் காலையில் அட்டையில் நீலப் பொட்டுகள் இருந்தன. டாங்கின் அடியில் குழாய் நுழையும் இடத்திலுள்ள ரப்பர் வளையம் வயதாகி, நகத்தால் அழுத்தினாலும் பதியாத அளவுக்கு இறுகியிருந்தது. குழாயையும் சேர்த்தே மாற்றினேன்.

அத்துடன் நிறுத்தியிருந்தால் பிஸ்டன் போயிருக்கும். ஏனெனில் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் உடனே இறங்காமல் சற்று நேரம் உயரத்திலேயே நின்றது. கிளட்ச் பக்கத்து ஸ்பார்க் பிளக்கின் முனை மற்றதைவிட வெளிறியிருந்தது. கிளட்சின் பின்புறம் எஞ்சின் உடம்பில் எண்ணெய்ப் படலம் வட்டமாகத் தெறித்திருந்தது. எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸிலிருந்து சுழல்தண்டு வெளிவரும் இடத்தை ஒரு ரப்பர் சீல் அடைத்திருக்கும். அது தேய்ந்தால், உள்ளே அழுத்தம் ஏறும்போது எண்ணெயை வெளியே விடும் அதே சீல், உறிஞ்சும்போது காற்றை உள்ளே விடும். அந்தக் காற்றால் பெட்ரோலின் பங்கும் அதோடு வரும் எண்ணெயின் பங்கும் குறைய, சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகி, பிஸ்டன் உருகிவிடும். நம் ஊர்ப் பழைய ஸ்கூட்டர்களில், பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட் பக்க ஆயில் சீல் போனால் வரும் கோளாறும் இதுதான். அங்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு சேரலாம், இங்கே உறைந்த ஏரியின் நடுவில் அது எளிதல்ல.

சந்தேகத்தைத் தீர்க்க அழுத்தச் சோதனை செய்தேன். கார்புரேட்டர்களைக் கழற்றி நுழைவாயில்களை ரப்பர் அடைப்பாலும், புகைவாயில்களை ரப்பர் வைத்த தகட்டாலும் மூடி, பெட்ரோல் பம்புக்குச் செல்லும் துடிப்புக் குழாயின் வாயையும் அடைத்து, கைப்பம்பால் சுமார் 6 பி.எஸ்.ஐ. காற்றேற்றினேன். இதைவிட மிக அதிகமாக ஏற்றினால் நல்ல சீலும் கெடும். சில நிமிடங்கள் அசையாமல் நிற்கவேண்டிய முள் கண்ணெதிரே இறங்கியது. புல்லர் கொண்டு கிளட்சைக் கழற்றிச் சோப்பு நீர் தடவியதும், சீலின் உதட்டோரம் நுரை பொங்கியது. தண்டின் மறுமுனையான மேக்னெட் பக்கம் அமைதியாக இருந்தது.

அந்த சீல் கிராங்க்கேஸின் பள்ளத்தில் அமர்ந்திருப்பதால், எஞ்சினை இறக்கி இரு பாதிகளையும் பிரிக்கவேண்டியதாயிற்று. அவ்வளவு தூரம் போன பிறகு மேக்னெட் பக்கத்து சீலை மட்டும் விட்டுவைப்பது கஞ்சத்தனம் என்று இரண்டையும் மாற்றினேன். எண்ணெய்க் குழாயில் தங்கிய காற்றைப் பம்பின் திருகாணி வழியே வெளியேற்றி, எச்சரிக்கைக்காக முதல் டாங்க் பெட்ரோலில் 50-க்கு 1 என்ற அளவில் எண்ணெயும் கலந்தேன். புகை மண்டியது, ஆனால் ஆக்சிலரேட்டரை விட்டதும் வேகம் சட்டென்று இறங்கியது. சைலன்சர் இணைப்பில் இப்போதும் கறுப்புக் கசடு கொஞ்சம் கசிகிறது. அதை நான் துடைப்பதோடு சரி.