எந்தக் கட்டத்திலும் அடங்காதது

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பவர்களில் பலர் முதலில் விண்ணப்பத்துக்காகத் தங்களைப் பற்றி எழுத வேண்டிய கட்டுரையோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளினேன். காமன் ஆப் என்னும் பொது விண்ணப்பத்தில் மதிப்பெண்ணுக்கு ஓரிடம், விருதுக்கு ஓரிடம், பாடத்துக்கு வெளியே செய்தவற்றுக்கு ஓரிடம் என்று தனித்தனியே கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். செயல்பாடுகள் 10 வரை எழுதலாம். ஒவ்வொன்றின் விவரிப்புக்கும் 150 எழுத்துகள். இவற்றையெல்லாம் நிரப்பிய பிறகும் எது வெளியே நிற்கிறதோ அதுவே கட்டுரைக்கு உரியது என்று முடிவு செய்தேன்.

வெளியே நின்றது ஸ்கோர் புத்தகம். பள்ளிக் கிரிக்கெட் அணியில் ஆடுகிற அளவுக்கு எனக்குத் திறமை கிடையாது; ஓட்டக் கணக்கு எழுதுபவனாக இருந்தேன். செயல்பாட்டுப் பட்டியலில் அது ஒரு வரி, அதுவும் கடைசி வரி. ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்து நான் யோசித்தவை விண்ணப்பத்தின் வேறெந்தப் பக்கத்திலும் இல்லை.

காமன் ஆப் ஏழு கேள்விகள் தருகிறது. ஒன்றுக்கு விடையெழுதினால் போதும். ஏழாவது, எதைப் பற்றியும் எழுதலாம் என்கிறது. அதனால் எழுதி முடித்துவிட்டுக் கேள்வியைத் தேர்ந்துகொள்வதில் தடையொன்றும் இல்லை. நான் அப்படித்தான் செய்தேன். தோல்வி, தடை பற்றியும் ஒரு கேள்வி இருப்பதால், பெருந்துயரம் ஏதாவது நேர்ந்தவர்களுக்குத்தான் நல்ல கட்டுரை வாய்க்கும் என்ற பேச்சு மாணவர்களிடையே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. துயரத்தைத் தேடிப் பிடித்து எழுதினால், தேடிய களைப்பு எழுத்தில் தெரிந்துவிடும்.

நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பந்து. கடைசி ஓவர், வெற்றிக்கு ஓர் ஓட்டம் தேவை, 49-இல் என் நண்பன். பந்து அவன் கால் காப்பில் பட்டு ஓடியது. ஓர் ஓட்டம் எடுத்து வென்றார்கள். நடுவர் முழங்காலை உயர்த்தித் தொட்டார். லெக் பை. அணிக்கு ஓட்டம் உண்டு, அவன் கணக்கில் கிடையாது. மட்டையில் உரசியது என்று சாதித்த அவன், 50 என்று எழுதச் சொன்னான். அணியின் மொத்தம் மாறப்போவதில்லை, யாருக்கும் நட்டமில்லை. நான் 49 என்றே எழுதினேன். சில வாரங்கள் அவன் என்னோடு பேசவில்லை.

இதில் கஷ்டம், படிப்பவர் கிரிக்கெட்டே பார்த்திராதவராக இருக்கலாம் என்பது. லெக் பையை விளக்கத் தொடங்கினால் ஓவரை விளக்க வேண்டும், பிறகு மட்டையாளரை. கட்டுரைக்கு உச்சவரம்பு 650 சொற்கள். விளையாட்டு விதிக்கே பாதி போய்விடும். கடைசியில் விதியை விட்டுவிட்டுச் சைகையைப் பிடித்துக்கொண்டேன். நடுவர் சைகை காட்டினால் ஸ்கோரர் கையுயர்த்திப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வரும்வரை அடுத்த பந்து வீசப்படாது. மைதானத்தில் அத்தனை பேரும், ஆடத் தெரியாத ஒருவன் கையுயர்த்தக் காத்திருக்கிறார்கள் என்று ஆரம்பித்தேன். லெக் பை என்ற பெயரே கட்டுரையில் வரவில்லை. பந்து மட்டையில் பட்டால் அவனுடையது, உடம்பில் பட்டால் அணியுடையது என்ற ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. மொத்தக் கட்டுரையிலும் அதிக நேரம் எடுத்த வாக்கியம் அதுதான்.

வரைவைப் பள்ளியின் ஆங்கில ஆசிரியையிடமும் அக்காவிடமும் மட்டும் காட்டினேன். பத்துப் பேரிடம் காட்டினால் பத்துப் பேரும் தங்களுக்குப் பிடிக்காத வரியை எடுத்துவிடுவார்கள், எஞ்சுவது யாருடைய எழுத்தாகவும் இருக்காது. ஆசிரியை இலக்கணத்தைத் தொடவே இல்லை. 'நேர்மையின் மதிப்பை அன்று உணர்ந்தேன்' என்று முடித்திருந்த வரியைச் சுற்றிக் கோடு போட்டு, "இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதற்குப் பிறகு நீ என்ன செய்தாய்?" என்று கேட்டார். செய்தது இருந்தது. அந்தப் போட்டிக்குப் பிறகு ஸ்கோர் புத்தகத்தின் ஓரத்தில் தகராறுகளையும் குறிக்கத் தொடங்கியிருந்தேன்: யார் மறுத்தார், எந்தப் பந்து, எதிரணி ஸ்கோரர் என்ன எழுதினார். நடுவரின் கையசைவு என் பேனா வழியாக ஓர் எண்ணாகி, பிறகு எல்லோரும் மேற்கோள் காட்டுகிற உண்மையாகிவிடுவது எனக்கு விசித்திரமாகப் பட்டது. வரலாறு படிக்க ஆசைப்பட்டதே அங்கிருந்துதான். கட்டுரையின் பின்பாதி முழுக்க அந்த ஓரக்குறிப்புகள்.

அக்கா வேறு வேலை செய்தாள். உரக்கப் படிக்கச் சொல்லி, நான் பேசும்போது வராத சொற்களில் எல்லாம் மேசையைத் தட்டினாள். அகராதியிலிருந்து இறக்கியிருந்த பெரிய சொற்கள் அப்படியே உதிர்ந்தன. செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு மெருகேற்றலாமே என்று சிலர் சொன்னார்கள். அது எழுதித் தந்ததைத் தன் எழுத்தென்று அனுப்புவதை காமன் ஆப் மோசடியாகக் கருதுகிறது. அது ஒருபுறமிருக்க, என் ஓரக்குறிப்பில் இருந்தது எனக்கு மட்டுமே தெரியும்.

அனுப்புவதற்கு முன் நண்பனிடம் கொடுத்தேன். பெயரில்லை என்றாலும் கதை அவனுடையது. படித்துவிட்டு, "எல்லாம் சரி, ஆனால் பந்து மட்டையில்தான் பட்டது" என்றான். அனுப்பச் சம்மதித்தான்.

பதினோராம் வகுப்பில் ஒரு பருவம் என் மதிப்பெண் சரிந்திருந்தது. அதற்கான காரணத்தைக் கட்டுரைக்குள் திணிக்கவில்லை. கூடுதல் தகவலுக்கென்று விண்ணப்பத்தில் தனி இடம் உண்டு; அங்கே நாலு வரி, உணர்ச்சி கலக்காமல்.

கல்லூரிகள் தனியாகக் கேட்கிற 'எங்கள் கல்லூரி ஏன்?' வகைத் துணைக் கட்டுரைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கல்லூரியின் பெயரை மாற்றினாலும் பொருந்துகிற வாக்கியத்தை அடித்துவிட்டால், மிச்சமிருப்பதே கட்டுரை.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தபோதுதான் எல்லாம் தலைகீழானது. அது காமன் ஆப்பில் சேராது. எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்கு மிகாமல் எழுத வேண்டும். அங்கே மைதானம், கையுயர்த்தல், காத்திருப்பு எதற்கும் இடமில்லை. கேட்டதற்கு நேராகப் பதில்: என்ன செய்தாய், ஏன், என்ன மாறியது. ஸ்கோர் புத்தகக் கதையை வெட்டிச் சுருக்கிப் பார்த்தேன், உயிரில்லை. அதனால் ஓரக்குறிப்புகளை மட்டும் எடுத்து ஒரு விடையாக்கி, மற்ற மூன்றுக்கும் வேறு விஷயங்களைத் தேடினேன்.

காமன் ஆப் பெட்டியில் கட்டுரையை ஒட்டியதும் பத்தி இடைவெளிகள் குலைந்தன. அனுப்புமுன் காட்டும் பிடிஎஃப் வடிவத்தில் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துச் சரிசெய்தேன். பிறகு சில கல்லூரிகள் அழைத்தன, சில மறுத்தன. எதற்கும் காரணம் சொல்வதில்லை. கட்டுரை எங்கே உதவியது, எங்கே உதவவில்லை என்பது அவர்களுடைய புத்தகத்தில் இருக்கும்.