சிகாகோவுக்குக் குடிவந்த ஹாக்மேன்

அமெரிக்காவில் எங்களை முதலில் நம்பியது நூலகம்தான். வங்கி கேட்ட சான்றுகளையும் வீட்டு உரிமையாளர் கேட்ட முன்பணத்தையும் நினைத்தால், கடவுச்சீட்டையும் முகவரி எழுதிய ஒரு கடிதத்தையும் பார்த்துவிட்டு உடனே உறுப்பினர் அட்டையைக் கையில் தந்த சிகாகோ பொது நூலகம் பெருந்தன்மையானது. ஸ்டேட் தெருவில் நிற்கும் அதன் தலைமைக் கட்டடம், நகரின் முதல் கறுப்பின மேயரான ஹரால்ட் வாஷிங்டனின் பெயரைத் தாங்கியது. அதன் கூரையில் பெரிய உலோக ஆந்தைகள் சிறகு விரித்து அமர்ந்திருக்கும். 2011 பிப்ரவரிப் பனிப்புயலில் லேக் ஷோர் டிரைவ் சாலையில் நூற்றுக்கணக்கான வண்டிகள் இரவு முழுதும் சிக்கிக் கிடந்த அந்தக் குளிர்காலத்தில், வார இறுதிகளில் நானும் என் மனைவியும் அந்த ஆந்தைகளுக்குக் கீழேதான் கதகதப்பாகப் பொழுதைக் கழித்தோம்.

சிவகாசியிலிருந்து வந்த முத்து, லயன் காமிக்ஸ் இதழ்களைப் படித்து வளர்ந்தவன் நான். அவற்றில் பெரும்பாலும் பிரிட்டன், இத்தாலி, பெல்ஜியம் ஆகிய நாடுகளின் நாயகர்களே வலம்வந்தார்கள் என்பதால், அமெரிக்காவின் டி.சி. நிறுவனத்துச் சிறகு நாயகனான ஹாக்மேனை நான் சரியாக அறிந்தது சிகாகோ நூலக அலமாரிகளில்தான். பருந்து முகமூடியும் இறக்கைகளும் கதாயுதமும் ஏந்திய அவனை, அமெரிக்கக் காமிக்ஸ் வாசகர்கள் குழப்பத்தின் மறுபெயராகவே குறிப்பிடுவார்கள். அவன் எங்கிருந்து வந்தவன் என்ற கேள்விக்கு எழுத்தாளர்கள் ஒவ்வொரு காலத்திலும் வெவ்வேறு விடை எழுதியதே அதற்குக் காரணம். புதிதாக வந்து இறங்கியிருந்த எனக்கோ, அந்த விடைகள் ஒவ்வொன்றும் ஒரு குடியேற்றக் கதையாகவே தெரிந்தது.

முதல் விடையில் குடியேற்றம் இல்லை. 1940 ஜனவரி தேதியிட்ட ஃபிளாஷ் காமிக்ஸ் முதல் இதழில், வழக்கறிஞர் படிப்புப் படித்த கார்ட்னர் ஃபாக்ஸ் என்ற எழுத்தாளரும் டென்னிஸ் நெவில் என்ற ஓவியரும் படைத்த கார்ட்டர் ஹால், பழங்கால ஆயுதங்களைச் சேகரிக்கும் அமெரிக்கக் கனவான். ஒரு பழைய கத்தி அவனுக்கு முற்பிறவியை நினைவூட்டுகிறது: அவன் எகிப்திய இளவரசன் கூஃபு, ஹாத்-செட் என்ற பூசாரியால் காதலியோடு கொல்லப்பட்டவன். காதலியும் ஷியேரா என்ற பெயரில் பிறந்திருக்கிறாள், பகைவனும் பிறந்திருக்கிறான். புவியீர்ப்பை முறியடிக்கும் ஒன்பதாம் உலோகத்தால் செய்த பட்டை அவனை வானில் உயர்த்தும். இறக்கைகள் திசை திருப்பிக்கொள்வதற்கு மட்டுமே. மறுபிறவி என்றதும் நமக்கு வினைக்கணக்கு நினைவுக்கு வரும் அல்லவா? ஃபாக்ஸின் கதையில் அது கிடையாது. காதலும் பகையும் மட்டும் பிறவி தாண்டி வருகின்றன, செய்த வினை வருவதில்லை. எகிப்தை ஓர் அமெரிக்கனுக்குச் சொந்தமாக்க இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது. சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில், ஊனாஸ் மன்னரின் மகனான ஊனிஸ்-ஆங்கின் கல்லறைக்குள் நுழைந்து சுவர்ச் சிற்பங்களைப் பார்க்கும்போதெல்லாம், இவற்றுக்கு உரியவர் யார் என்ற சங்கடமான கேள்வியைக் கார்ட்டர் ஹால் எவ்வளவு சுலபமாகத் தாண்டிவிட்டான் என்று எண்ணிக்கொள்வேன்.

ஷெல்டன் மோல்டாஃபும் பின்னர் ஜோ கியூபர்ட்டும் வரைந்த அந்த ஹாக்மேன், ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற நாயகர் சங்கத்துக்குத் தலைவனாகவும் இருந்து, சூப்பர் நாயகர்களின் மவுசு குறைந்த 1940களின் இறுதியில் தன் இதழை இழந்தான். சங்கத்தின் கதைகளும் 1951இல் நின்றுபோயின.

நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தது இரண்டாம் விடையைத்தான். 1961இல், ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் என்ற ஆசிரியரின் மேற்பார்வையில், அதே ஃபாக்ஸும் கியூபர்ட்டும் ஹாக்மேனைப் புதிதாகப் படைத்தார்கள். எகிப்து போய் விண்வெளி வந்தது. தனகார் என்ற கோளின் காவல் அதிகாரிகளான கேட்டார் ஹோலும் அவன் மனைவி ஷயேராவும், உருமாறும் வல்லமை கொண்ட பித் என்ற குற்றவாளியைத் துரத்திக்கொண்டு பூமிக்கு வருகிறார்கள். அவர்களுடைய விண்கலத்தில் அப்சார்பாஸ்கான் என்ற கருவி உண்டு. அதை இயக்கியதுமே பூமியின் மொழிகளும் அறிவும் இருவர் மூளைக்குள்ளும் இறங்கிவிடுகின்றன. மிட்வே சிட்டியின் காவல் ஆணையரைச் சந்தித்து உண்மையைச் சொல்கிறார்கள். அவரும் சந்தேகப்படாமல், கார்ட்டர் ஹால், ஷியேரா ஹால் என்ற பெயர்களில் அருங்காட்சியகக் காப்பாளர் வேலைக்கு வழிசெய்கிறார். மொழி, வேலை, பெயர், உள்ளூரில் ஒரு பெரிய மனிதரின் ஆதரவு எல்லாம் முதல் கதையிலேயே கிடைத்துவிடுகின்றன!

இந்தக் கதையை நான் எந்த நிலையில் படித்தேன் என்பதைச் சொன்னால்தான் என் பொறாமை விளங்கும். கிரெடிட் கார்டு வாங்குவதற்குக் கிரெடிட் வரலாறு வேண்டும், அந்த வரலாற்றை உருவாக்குவதற்குக் கிரெடிட் கார்டு வேண்டும் என்ற வட்டத்துக்குள் நான் சுற்றிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் என் ஆங்கிலத்தைத் திரும்பச் சொல்லுமாறு எதிர்முனையில் கேட்பார்கள். என் மனைவியின் நிலை இன்னும் மோசம். ஊரில் கல்லூரி ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், இங்கே வேலை விசாக்காரரின் துணைக்குத் தரப்படும் எச்-4 விசாவில் வந்ததால், வேலை செய்யும் உரிமையும் இல்லை, அதன் காரணமாகச் சோஷியல் செக்யூரிட்டி எண் என்ற அரசு அடையாள எண்ணும் இல்லை. கணவனும் மனைவியும் ஒரே பணியில் சமமாகப் பறக்கும் ஷயேராவின் படங்களை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். “இவளுக்கு யார் ஸ்பான்சர் பண்ணினாங்களாம்?” என்று ஒரு நாள் கேட்டார்.

அந்தக் கேள்விக்குச் சட்டம் சார்ந்த விடையையும் தேடிப் பார்த்தேன். 1961இல் அமெரிக்காவில் நடைமுறையில் இருந்தது நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறை. 1946ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவுக்கு அளித்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். 1965ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்த முறையை முடித்து எங்களைப் போன்றோர் வரும் வழியைத் திறந்தது. ஆக, முழு இந்தியாவிலிருந்தும் ஆண்டுக்கு நூறு பேரே குடியேற அனுமதிக்கப்பட்ட காலத்தில், தனகாரின் தம்பதியர் ஒரு காவல் ஆணையரின் பரிந்துரையில் குடியேறிவிட்டார்கள். இதைப் படைத்தவர்களின் பின்னணி எனக்கு அதைவிடச் சுவையாகப் பட்டது. கியூபர்ட் 1926இல் அன்றைய போலந்தில் பிறந்து, கைக்குழந்தையாக நியூயார்க்கின் புரூக்ளினுக்கு வந்தவர். ஷ்வார்ட்ஸின் பெற்றோர் ருமேனியாவிலிருந்து வந்த யூதர்கள். தங்கள் குடும்பங்களுக்குக் கிடைத்திராத வரவேற்பை அவர்கள் தனகார் தம்பதிக்கு அளித்தார்கள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். அப்படி எண்ணியதாக அவர்கள் சொன்னதில்லை. இது என் ஊகம் மட்டுமே.

மூன்றாம் விடை என் ஊருக்கே வந்தது. 1989இல் டிமதி ட்ரூமன் எழுதி வரைந்த மூன்று பாக ஹாக்வேர்ல்டு, 1961இன் ஒளி மிகுந்த தனகாரைத் தலைகீழாக்கியது. அங்கே உயர்ந்த கோபுரங்களில் செல்வர்கள் வாழ்கிறார்கள். வென்ற கோள்களிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் கீழே டவுன்சைடு என்ற சேரிகளில் அடைந்து கிடக்கிறார்கள். கேட்டார் ஹோல் மேட்டுக்குடியில் பிறந்த இளம் காவலன். மேலதிகாரி பித்தின் ஊழலில் சிக்கி, போதைக்கு அடிமையாகி, தன் தந்தையின் சாவுக்கே காரணமாகி, நாடு கடத்தப்படுகிறான். பறவை இறகாக இருந்த இறக்கைகள் இங்கே ஒடுக்குமுறைப் படையின் தளவாடம். 1990இல் தொடங்கி 32 இதழ்கள் வந்த தொடர்கதையில் கேட்டாரும், டவுன்சைடில் வளர்ந்த ஷயேராவும் பூமிக்கு வருகிறார்கள். வந்து இறங்கும் நகரம், கற்பனையான மிட்வே சிட்டி அல்ல, சிகாகோ. ட்ரூமனோடு அதை எழுதிய ஜான் ஆஸ்ட்ராண்டர் சிகாகோவில் பிறந்தவர்.

இந்த இருவரும் தம்பதியர் அல்லர், அடையாளத்தை மறைப்பதும் இல்லை. அயலாராகவே ஊரறிய நடமாடுகிறார்கள். அடித்து நொறுக்கிக் கைது செய்யும் தனகார் வழக்கம் இந்த நகரின் சட்டத்தோடும் குடிமக்களின் உரிமைகளோடும் மோதும்போது, எது நீதி என்பதை இருவரும் ஆரம்பத்திலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. அவர்களிலும் மேட்டுக்குடிப் பையன் அமெரிக்காவின் இலட்சியங்களில் மயங்க, சேரியில் வளர்ந்த பெண் எதையும் எளிதில் நம்ப மறுப்பது மிகச் சரியான கணிப்பு. எங்கள் அலுவலகத்தின் இந்தியர்களிடையேயும் ஏறக்குறைய இதே பிரிவினையைக் கண்டிருக்கிறேன்: ஊரில் வசதியாக இருந்தவர்களே இங்கே எதைக் கண்டும் முதலில் வியந்தார்கள். ஹாக்மேனுக்குச் சிகாகோ பொருத்தமான ஊர் என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. டி.டி.டி. பூச்சிக்கொல்லியால் இல்லினாய் மாநிலத்திலிருந்தே மறைந்துபோன பெரிக்ரின் வல்லூறு, 1980களில் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டு, இன்று உயர்மாடிக் கட்டடங்களின் விளிம்புகளில் கூடு வைத்து வாழ்கிறது. 1999இல் அது நகரத்தின் அதிகாரபூர்வப் பறவையாகவும் அறிவிக்கப்பட்டது.

ஆனால் இந்த அருமையான தொடர் ஆவணச் சிக்கல் ஒன்றையும் உண்டாக்கியது. கேட்டார் ஹோல் பூமிக்கு இப்போதுதான் வருகிறான் என்றால், அதற்கு முந்தைய ஆண்டுகளின் கதைகளில் தோன்றிய ஹாக்மேன் யார்? விசா விண்ணப்பத்தில் இடையில் விடுபட்ட ஆண்டுகளுக்கு விளக்கம் கேட்பார்களே, அதுபோல வாசகர்கள் கேட்டார்கள். சில கதைகளில் வந்தவன் பழைய எகிப்திய ஹாக்மேன் என்றார்கள். மற்றவற்றில் வந்தவன் கார்ட்டர் ஹாலின் மகனாக நடித்த ஃபெல் ஆண்டார் என்ற தனகார் ஒற்றன் என்றார்கள். போதாததற்கு, 1994இல் எல்லா ஹாக்மேன்களையும் ஓருடலாகக் கலந்தார்கள். அந்தக் கலவையை எவராலும் கையாள முடியாமல், அப்போது வந்துகொண்டிருந்த ஹாக்மேன் தொடர் 1996இல் நின்றது. மொத்த வரலாற்றிலும் மோசமான பகுதி இதுதான். பல ஊர்க்காரனாக இருப்பவனை ஒரே ஊர்க்காரனாகப் பிசைந்தால் எந்த ஊரும் மிஞ்சாது என்பதை அந்த இதழ்களைப் படித்தாலே தெரிந்துகொள்ளலாம்.

2001இல் ஜெஃப் ஜான்ஸும் டேவிட் கோயரும் கார்ட்டர் ஹாலை மீட்டு வந்தபோது, எல்லாப் பிறவிகளின் நினைவும் அவனிடம் இருந்தது. அதற்குள் ஹாக்மேனின் இணையான ஹாக்கேர்ள் என்ற நாயகியின் பெயரை ஏற்றிருந்த கென்ட்ரா சாண்டர்ஸ் என்ற இளம்பெண்ணுக்கு எதுவுமே நினைவில்லை. நீ என் காதலி, பல்லாயிரம் ஆண்டு பந்தம் என்று அவன் உரிமை கொண்டாட, அவள் மறுக்கிறாள். இங்கே பிறந்து எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் படித்த ஒரே ஹாக்மேன் தொகுப்பு இது. “அவளுக்குத்தான் ஞாபகமே இல்லையே, எதுக்குப்பா அவளை விடாம தொந்தரவு பண்றான்?” என்று கேட்டாள். குலதெய்வக் கோயில், தாத்தாவின் வயல், ஊர்த் திருவிழா என்று அவளிடம் நான் அடிக்கடி நினைவூட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவளுக்கு விடை சொல்லாமல் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

2018இல் ராபர்ட் வெண்டிட்டியும் பிரையன் ஹிட்ச்சும் கண்ட தீர்வு புத்திசாலித்தனமானது. ஹாக்மேன் வெவ்வேறு காலங்களில் மட்டுமல்லாமல் விண்வெளியின் வெவ்வேறு இடங்களிலும் மறுபிறவி எடுப்பவன். எகிப்திலும் தனகாரிலும் சூப்பர்மேனின் கோளான கிரிப்டானிலும் பிறந்தவன் எல்லாம் ஒருவனே. எவரையும் கலக்கவோ அழிக்கவோ தேவையில்லை. அதோடு, 1940இல் விடுபட்டுப்போன வினைக்கணக்கும் வந்து சேர்ந்தது: முதற்பிறவியில் அவன் பெரும் படுகொலைகளை நடத்திய படைத்தலைவன், கொன்ற அளவுக்கு உயிர்களைக் காக்கும்வரை பிறந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது அவனுக்கு இடப்பட்ட கடன். ஊழ்வினை என்று நாம் அறிந்ததைச் சுற்றிவந்து தொட்டுவிட்டார்கள். 2022இல் திரைக்கு வந்த பிளாக் ஆடமில் கறுப்பின நடிகர் ஆல்டிஸ் ஹாட்ஜ் கார்ட்டர் ஹாலாக நடித்தார். ஆண்டாண்டு காலமாக ஆக்கிரமிப்பில் இருந்த நாட்டுக்குள் வந்து இறங்கும் அவரிடம், இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று அந்நாட்டு மக்கள் கேட்பது நல்ல கேள்வி.

2015 மே மாதத்தில் விதி மாறி, கிரீன் கார்டு வரிசையில் குறிப்பிட்ட கட்டத்தைக் கடந்தவர்களின் துணைவருக்கும் வேலை அனுமதி கிடைத்ததும், என் மனைவி மீண்டும் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தார். ஹாக்மேனை எங்கிருந்து தொடங்குவது என்று நண்பர்கள் கேட்டால் நான் 1990ஆம் ஆண்டுச் சிகாகோத் தொடரையே காட்டுவேன். அவர் ஒப்புக்கொள்வதில்லை. கஷ்டத்தைத்தான் தினமும் பார்க்கிறோமே, முதல் நாளே வேலைக்குப் போகும் பெண்ணைக் கதையிலாவது பார்க்கட்டும் என்று சொல்லி, கியூபர்ட் வரைந்த 1961ஆம் ஆண்டுத் தொகுப்பைத்தான் எடுத்துக் கொடுப்பார்.