எக்ஸ்ரேயில் தெரியாத ரத்தம்

எங்கள் நாய் மின்னிக்கு ஒரே ராத்திரியில் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. காலையில் முன்னங்கால்களை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு வந்தாள். முதுகெலும்பு முறிந்திருந்தால் தூக்குவதே ஆபத்து என்பதால், பலகையில் படுக்கவைத்து, அசையாமல் துணியால் கட்டிக் கொண்டுபோனோம்.

மருத்துவர் முதலில் வலி தெரிகிறதா என்று பார்த்தார். இடுக்கியால் பின்னங்கால் விரலை அழுத்தியதும் கால் உள்ளே இழுத்துக்கொண்டது. எனக்குப் போன உயிர் வந்தது. "காலைப் பார்க்காதீங்க, முகத்தைப் பாருங்க" என்றார். கால் இழுப்பது அனிச்சைச் செயல்தானாம். மூளைக்குப் போகும் வழி அறுந்திருந்தாலும் இழுக்குமாம். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். மின்னி வெடுக்கென்று திரும்பி அவர் கையைக் கடிக்கப் போனாள். கடிக்க வந்த நாயைப் பார்த்து ஒரு மருத்துவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் கண்டதில்லை.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. அதில் எலும்பு தெரியும், தண்டுவடம் தெரியாது. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கியதா, ரத்தக்குழாய் அடைத்ததா, கட்டியா, ரத்தக்கசிவா என்று சொல்ல எம்ஆர்ஐ வேண்டும். அதற்கு மயக்க மருந்து கொடுக்கணும், அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை.

விஷயம் பிடிபட்டது அங்கேதான். ஊசி குத்திய இடத்தில் வைத்த பஞ்சு நனைந்துகொண்டே இருந்தது. மாற்றி வைத்தும் நிற்கவில்லை. உறைதல் நேரத்தையும் பார்த்தார்கள். ரத்தக்கசிவை அடைக்கும் தட்டணுக்கள் சரியாக இருந்தன, ரத்தம் உறையத்தான் ரொம்ப நேரம் எடுத்தது. எலி மருந்தாக இருக்கலாம் என்றார். அந்த வகை விஷம் வைட்டமின் கே-யை முடக்கிவிடும். அது இல்லாமல், ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள் சில கல்லீரலில் வேலை செய்யும் நிலையில் உருவாகாமல் போகும். எங்கே தின்றாள் என்பது கடைசிவரை தெரியவில்லை.

வைட்டமின் கே வேலை செய்யப் பல மணி நேரமாகும் என்பதால் கூடவே, அந்தப் புரதங்கள் உள்ள ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவும் ஏற்றினார்கள். உறைதல் ஓரளவு சரியான பிறகே எம்ஆர்ஐ. முதுகுத் தண்டு நீர் எடுப்பதையும் தவிர்த்தார்கள், ஊசி படும் இடத்திலேயே ரத்தம் கசியக்கூடும்.

திரையில் தண்டுவடத்தை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டு ஏதோ இருந்தது. வழக்கமான படங்களில் அது பிதுங்கிய டிஸ்க் போலத்தான் தெரிந்தது. கிரேடியன்ட் எக்கோ என்று இன்னொரு வகைப் படத்தில் அதே இடம் கன்னங்கரேலென்று வந்தது. ரத்தத்திலுள்ள இரும்பு காந்தப்புலத்தைக் கலைப்பதால் அப்படித் தெரியுமாம். சுண்ணாம்பு படிந்த டிஸ்க்கும் கறுப்பாகத் தெரியலாம் என்பதால் எல்லாப் படங்களையும் சேர்த்து வைத்துத்தான் ரத்தக்கட்டு என்று முடிவு செய்தார்கள். கத்தி வைக்காமல் கரையவிட்டுப் பார்க்கலாம் என்றார்கள். சரி என்றோம்.

அப்புறம் வீட்டில் நடந்ததெல்லாம் பொறுமைச் சோதனை. சிறுநீர் தானாகப் போகாததால் அடிவயிற்றை அழுத்தி வெளியேற்றக் கற்றுக்கொண்டோம். வைட்டமின் கே மாத்திரை சில வாரங்கள். அந்த விஷம் கல்லீரலில் ரொம்ப நாள் தங்கும்; மாத்திரையை நிறுத்தி 48 மணி நேரம் கழித்து உறைதல் நேரத்தைத் திரும்பப் பார்க்கணும். நாய் ஓடத் தொடங்கியதும் பலர் இதை விட்டுவிடுகிறார்களாம். மின்னிக்குப் பார்த்தோம், சரியாக இருந்தது.