கத்திரி வெயிலில் நாலரை கிகாஹெர்ட்ஸ்

மே 3

ரிச்சி தெருவில் பழையதாக வாங்கி வந்த ஐ5-2500கே இன்று வேலூர் சத்துவாச்சாரி மாடி அறையில் உயிர் பெற்றது. 2011-இல் வெளிவந்த பிராசசர். பெயரின் கடைசியில் இருக்கும் 'கே'-வுக்காகத்தான் வாங்கினேன். அது இருந்தால் மல்டிப்ளையர், அதாவது அடிப்படை வேகத்தைப் பெருக்கும் எண், பூட்டப்படவில்லை, நாமே கூட்டலாம் என்று அர்த்தம். 100 மெகாஹெர்ட்ஸ், 33 மடங்கு, ஆக 3.3 கிகாஹெர்ட்ஸ். பயாஸில் (கணினி எழும்போதே வரும் அமைப்புத் திரை) 33-ஐ 45 ஆக்கி, அதாவது 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி, 1.30 வோல்ட் கொடுத்தேன். விண்டோஸ் 10 முணுமுணுக்காமல் எழுந்து வந்தது.

மே 5

நேற்று கத்திரி தொடங்கியாயிற்று. தம்பி இரண்டு நாளாக கேம் ஆடுகிறான், ஒருமுறைகூட ஹேங் ஆகவில்லை. நான் அதே கணினியில் டெபியன் லினக்ஸுக்கு மாறி, பிராசசரின் நாலு கோரும் ஓடும்படி கர்னல் கம்பைல் (லினக்ஸின் மையப் பகுதியை மூல நிரலிலிருந்து உருவாக்கும் வேலை) போட்டேன். இருபதாவது நிமிடத்தில் 'இன்டர்னல் கம்பைலர் எரர், செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று கம்பைலரே செத்து விழுந்தது. மறுபடி போட்டால் வேறொரு ஃபைலில் விழுகிறது. முதலில் விழுந்த ஃபைல் இப்போது ஒழுங்காகக் கடந்துபோகிறது.

"விண்டோஸ்ல ஒண்ணும் ஆகலையே அண்ணா. உன் லினக்ஸ்தான் வேஸ்ட்" என்கிறான்.

சாஃப்ட்வேர் பிழையென்றால் ஒரே இடத்தில் அல்லவா விழ வேண்டும்? இடம் மாறி மாறி விழுந்தால் என் சந்தேகம் வன்பொருள் மேல்தான்.

மே 6

இரவு முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட். ரேம் சுத்தம்.

மே 8

விடியற்காலை நாலு மணிக்குப் போட்ட கம்பைல் முழுதாக முடிந்தது. அதே வேலை மதியம் இரண்டு மணிக்குச் செத்தது. அறை காலையில் 29 டிகிரி, மதியம் 38. கோர் வெப்பம் 75-இலிருந்து 84. அறையில் ஏறும் சூடு அப்படியே பிராசசர் தலையிலும் ஏறுகிறது. சூடான சிலிக்கான் அதே வேகத்துக்குக் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நம்ம ஊரைச் சொல்வார்கள். காற்றில்லாத மாடியையும் சேர்த்துக்கொள்ளலாம். கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை எதிரே வைத்தேன்.

மே 9

இன்றுதான் புத்தி வந்து, விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். 3-ஆம் தேதி மாலையிலிருந்தே மஞ்சள் முக்கோணங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. டபிள்யூஎச்இஏ-லாகர் (வன்பொருள் பிழைகளைப் பதியும் பகுதி), எண் 19, 'திருத்தப்பட்ட வன்பொருள் பிழை', உள்ளே பாரிட்டி எரர், அதாவது பிட் புரண்டதைச் சரிபார்ப்பு கண்டுபிடித்தது. தம்பி சிக்ஸர் அடித்துக்கொண்டிருந்த நேரத்திலெல்லாம் விண்டோஸ் சத்தமில்லாமல் எழுதி வைத்திருக்கிறது. டெபியனின் கர்னல் செய்திப் பதிவான டிமெசெக்கிலும், பிராசசரே பிழையை அறிவிக்கும் 'மெஷின் செக்' வரிகள் இருந்தன. கம்பைலரின் கூச்சலைப் பார்த்தேனே தவிர அதைப் பார்க்கவில்லை. அது என் தப்பு.

ஆக, இரண்டு சிஸ்டமும் ஒரே புகாரைத்தான் சொல்லியிருக்கின்றன. வேலைதான் வேறு. கேமில் ஒரு பிட் புரண்டால் எங்கோ ஒரு புள்ளி நிறம் மாறலாம், யார் பார்த்தது? கம்பைலருக்குள், நினைவக முகவரியை வைத்திருக்கும் ஒரு பாயின்டரில் புரண்டால் அங்கேயே ஆள் காலி.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். "அதான் திருத்திடுச்சுல்ல?"

திருத்தியதைத்தான் அது எழுதும். பிடிபடாமல் நழுவியதை யார் எழுதுவது?

மே 11

1.36 வோல்ட் கொடுத்தேன். எச்சரிக்கைகள் நின்றன, ஆனால் மதியம் 93 டிகிரி. 98-ஐத் தொட்டால் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்செலவு வேகத்தோடு நேராகவும் வோல்டேஜோடு இருமடியாகவும் ஏறுகிறது: 1.20 வோல்ட், 3.3-இலிருந்து 1.36 வோல்ட், 4.5-க்குப் போனால் ஏறக்குறைய 1.75 மடங்கு. இந்த ஊரில், இந்த மாதத்தில் கட்டுப்படியாகாது. 42 மடங்கு, 1.27 வோல்ட்டுக்கு இறங்கினேன். 29 நிமிடக் கம்பைல் 31 ஆனது. சரி, இரண்டு நிமிடம்தானே.

மே 12

மதியம் மூன்று கம்பைல் வரிசையாகப் போட்டேன். மூன்றாவது ஓடும்போது, மொட்டை மாடியில் காயும் வடகத்தைத் திருப்பிப்போட வந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"மனுஷனுக்குக் காத்தில்ல, பொட்டிக்கு ஃபேனா?"

ஃபேனைப் பிடுங்கிக்கொண்டு கீழே போய்விட்டார். 74-இல் இருந்த கோர் 81 வரை ஏறி நின்றது. பன்னிரண்டு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பைல் முடிந்தது. டிமெசெக்கில் புதிதாக ஒரு வரியும் இல்லை.